தொழில் அறிவை மறைத்தல்: புவனகிரி, பரங்கிப்பேட்டை வட்டார வரலாறும் பணியிட அறமும்

தொழில் அறிவை மறைத்தல் என்பது, உடன் பணியாற்றுபவரோ முதலாளியோ மாணவரோ கேட்கும்போது, தனக்குத் தெரிந்த தொழில் நுணுக்கத்தைச் சொல்லாமல் வைத்துக்கொள்வதாகும். பட்டறை, தறிக்கூடம், ஆலை, அலுவலகம் என எல்லாப் பணியிடங்களிலும் இது காணப்படுகிறது. இன்றைய மேலாண்மை நூல்கள் இதைப் பெரும்பாலும் ஊழியரின் குறையாகவே பேசுகின்றன. ஆனால் வரலாற்றில், தொழில் அறிந்தவர் வாய் திறந்தபின் அவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியும் இதனுடன் சேர்ந்தே வந்துள்ளது. கடலூர் மாவட்டத்துப் புவனகிரியைச் சூழ்ந்த வட்டாரம் இக்கேள்வியை ஆராய ஏற்ற இடமாகும். துணிச் சாயம், உருக்கு, நெசவு ஆகிய மூன்று தொழில்களின் அறிவு இந்தக் கடற்கரையில் கைமாறிய விதம் ஓரளவு எழுத்தில் பதிவாகியுள்ளது.

மறைத்தலும் சொல்ல இயலாமையும்

அறிவை மறைத்தல் பற்றிய தற்கால ஆய்வுகளில் 2012இல் கேத்தரின் கானெலியும் அவருடன் மூவரும் வெளியிட்ட கட்டுரை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அவர்கள் மறைத்தலை மூன்று வகையாகப் பிரித்தனர். கேட்டவருக்கு அரைகுறைத் தகவல் கொடுத்தோ, பிறகு சொல்கிறேன் என்று நாளைக் கடத்தியோ நழுவுவது முதல் வகை. தெரிந்திருந்தும் தெரியாதது போல நடிப்பது இரண்டாம் வகை. இதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்று காரணம் கூறி மறுப்பது மூன்றாம் வகை. மூன்றாம் வகையில் பொய் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே மறைத்தல் அனைத்தையும் ஏமாற்று என்று ஒரே பெயரால் சுட்ட முடியாது.

இவற்றிலிருந்து வேறான நிலை ஒன்றும் உண்டு. மைக்கேல் போலானி என்ற அறிஞர், மனிதருக்குத் தெரிந்தவை அவர் சொல்லக்கூடியவற்றைவிட மிகுதி என்ற கருத்தை விளக்கினார். பாவுக்குக் கஞ்சி போதுமா என்பதை நெசவாளர் விரலால் தொட்டு அறிகிறார். அதை எழுதித் தரச் சொன்னால் அவரால் எழுத முடியாமல் போகலாம். அது மறைத்தல் ஆகாது. கேட்பவர் இந்த வேறுபாட்டை உணராதபோது, சொல்ல இயலாதவரையும் ஒளிப்பவராகக் கருதிவிடுகிறார்.

தமிழ் மரபில் இதைப் பற்றிய சிந்தனை பழமையானது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்கு நான்கு உவமைகளைத் தருகிறது. கழங்குகளை இட்ட முறைப்படி இல்லாமல் கலந்து கொட்டும் குடம் ஒன்று. தன்மேல் ஏறிப் பறிக்க விடாமல், தானாக விழுவதை மட்டும் தரும் மடல் நிறைந்த பனை இரண்டாவது. சிறிது சிறிதாக அடைத்து, சிறிது சிறிதாகவே எடுக்க வேண்டிய பருத்திக் குடுக்கை மூன்றாவது. ஒருவர் நீர் ஊற்றி வளர்க்க, வளைந்துபோய் அடுத்தவர் மனையில் காய் உதிர்க்கும் முடத்தென்னை நான்காவது. பனையும் குடுக்கையும் அறிவைத் தர மறுக்கும் குறையைக் காட்டுகின்றன. முடத்தென்னையோ வளர்த்தவருக்குத் தராமல் வேறொருவருக்குத் தரும் குறையைக் காட்டுகிறது. இன்றைய பணியிட வழக்குகள் பலவும் இவற்றுள் ஏதேனும் ஒன்றில் அடங்கிவிடுகின்றன.

வட்டாரப் பின்னணி

புவனகிரி, கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் வெள்ளாற்றின் கரையில் அமைந்த ஊர். இராகவேந்திர சுவாமிகள் பிறந்த ஊராகவும் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊராகவும் அறியப்படுகிறது. வெள்ளாறு கிழக்கே சென்று கடலில் கலக்கும் இடத்தில், போர்ட்டோ நோவோ என்று ஐரோப்பியர் அழைத்த பரங்கிப்பேட்டை உள்ளது. வடக்கே கடலூரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் புனித டேவிட் கோட்டையைப் பெற்றது. அதற்கும் வடக்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இந்தத் துறைமுகங்களுக்குக் கப்பல்கள் வந்ததன் முதன்மையான காரணம் பருத்தித் துணியாகும். உள்நாட்டு ஊர்களில் நெய்து, வெளுத்து, சாயமிட்டு, எழுதிய துணி கடற்கரைக்கு வந்து கப்பலேறியது.

மறைபொருள் என்றால் இவ்வட்டாரத்தார்க்கு உடனே நினைவுக்கு வருவது சிதம்பர ரகசியம். நடராசர் கோயிலில் திரையை விலக்கினால் தெரிவது தங்க வில்வ மாலைகள் தொங்கும் வெறும் வெளி. வெளிப்படாத செய்தி எதையும் சிதம்பர ரகசியம் என்று சொல்வது தமிழில் வழக்கமாயிற்று. தொழிலாளரின் மறைபொருளில் திரைக்குப் பின்னே வெறும் வெளி இல்லை, அவர்கள் பிழைப்பு இருந்தது.

சாயக்காரர்களின் அறிவு

சோழமண்டலக் கரையின் எழுதுதுணிகள் ஐரோப்பாவில் மிகுந்த விலை பெற்றதற்குக் காரணம், துவைத்தாலும் போகாத அவற்றின் நிறம். அந்நிறம் ஒரே சாயத்தால் வருவதன்று. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் சேர்ந்த கலவையில் ஊறவைப்பர். இரும்பைப் புளித்த நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றால் கறுப்புக் கோடுகளை எழுதுவர். சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தடவுவர். பின் இம்பூறல் என்னும் சாயவேரில் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைத்து நிற்கும். நீலம் வேண்டாத பகுதிகளை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். ஐரோப்பியச் சாயக்காரர்கள் நெடுநாள் தேடியது இந்த வரிசை முறையையே.

தேடலுக்கு வணிகக் காரணம் இருந்தது. இந்தியத் துணியின் வரவால் உள்ளூர்த் தொழில் கெடும் என்று பிரான்சு 1686இல் எழுதுதுணிகளுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டங்கள் இயற்றியது. தடை ஒருபுறம் இருக்க, அதே துணியைத் தாமே செய்யும் முயற்சி மறுபுறம் நடந்தது. 1734ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் இருந்த பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, சாயமிடும் ஒவ்வொரு படியையும் நேரில் பார்த்து எழுதி, படிக்கு ஒரு துணித் துண்டாக மாதிரிகளையும் சேர்த்து அனுப்பினார். அந்தக் கையெழுத்துப் படி பாரிசில் பாதுகாக்கப்படுகிறது.

1742இல் இயேசு சபைத் துறவி கேர்தூ இதே தொழிலைப் பற்றி விரிவான கடிதம் ஒன்றை எழுதினார். சமற்கிருதத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் உள்ள உறவைச் சுட்டியவராகவும் அறியப்படும் இவர், இக்கரையிலேயே நீண்ட காலம் வாழ்ந்து 1779இல் மறைந்தார். சாயத் தொழில் தெரிந்தவர்களாய், புதிதாகக் கிறித்தவம் தழுவியிருந்தவர்களை அவர் விசாரித்தார். அவர்களை வெவ்வேறு வேளைகளில், தனித்தனியே கேட்டுச் சொற்களை ஒப்பிட்டுப் பார்த்ததாகவும் குறிப்பிட்டார். கடிதம் சபையினரின் கடிதத் தொகுதியில் அச்சாகி ஐரோப்பா முழுதும் படிக்கப்பட்டது.

தனித்தனியே கேட்டது கவனிக்கத்தக்கது. ஒருவர் சொல்வதை மற்றொருவர் சொல்வதோடு ஒப்பிட்டால் விட்டுப்போன படி எது, மாற்றிச் சொன்ன அளவு எது என்பது தெரிந்துவிடும். சாயக்காரர்கள் முழுவதையும் சொல்லாமல் இருக்கக்கூடும் என்று கேட்டவர் எண்ணியிருந்தார் என்றே இதிலிருந்து கொள்ளலாம். தாம் சார்ந்திருந்த சமயத் தலைவர் கேட்கும்போது மறுக்க அவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கடிதம் எழுதியவரின் பெயர் வரலாற்றில் நின்றது. சொன்னவர்கள் பெயரற்ற புது விசுவாசிகளாகவே நின்றனர்.

கடிதத்தால் மட்டும் ஐரோப்பா இத்தொழிலைப் பெற்றுவிடவில்லை. சாயவேர் அங்கு விளையவில்லை. அவர்கள் மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த வேறு வேரைப் பயன்படுத்தினர். நீரின் தன்மையும் கையின் பழக்கமும் காகிதத்தில் போகவில்லை. எனினும் படிகாரத்தை எப்போது, எதற்குப் பின் தடவ வேண்டும் என்ற அடிப்படை ஒழுங்கு பரவியது. பிரான்சின் தடை 1759இல் நீங்கியது. மறு ஆண்டே ஓபர்காம்ப் ழூயியில் துணி அச்சிடும் தொழிலைத் தொடங்கினார். 19ஆம் நூற்றாண்டில் ஆலை அச்சுத் துணிகள் இந்தியாவுக்கே விற்பனைக்கு வந்தன. இந்த வீழ்ச்சிக்குக் கடிதங்கள் மட்டும் காரணமில்லை. இயந்திரம், சுங்க வரி, ஆட்சி அதிகாரம் ஆகியவற்றுக்கே பெரும் பங்கு உண்டு. ஆயினும் மறைத்து வைத்திருந்த அறிவே தன் கடைசிக் காப்பு என்று ஒரு சாயக்காரர் அன்று எண்ணியிருந்தால், அந்த எண்ணம் தவறு என்று சொல்ல முடியாது.

சேலத்து உருக்கும் பரங்கிப்பேட்டை ஆலையும்

அடுத்த நூற்றாண்டில் பரங்கிப்பேட்டை இரும்பால் பெயர் பெற்றது. சென்னை மாகாணத்தில் கம்பெனிப் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், அப்பணியை விட்டு, 1830இல் இங்கு இரும்பாலை அமைத்தார். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையையும் கடனுதவியையும் அரசு அவருக்கு அளித்தது. தாது சேலம் பகுதியிலிருந்து வந்தது. எரிபொருள் மரக்கரி.

சேலம் பகுதியில் இரும்பும் உருக்கும் செய்வது பழந்தொழில். ஊட்ஸ் என்று ஐரோப்பியர் குறிப்பிட்ட உருக்கின் பெயர், தென்னிந்திய மொழிகளின் உருக்கு, உக்கு என்ற சொற்களோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. 1790களில் இதன் மாதிரிகள் இலண்டன் சென்றன. 1795இல் ஜார்ஜ் பியர்சன் அரச கழகத்தில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். பின்னர் மைக்கேல் பாரடேயும் இதை ஆராய்ந்தார். ஆய்வுக்கூடத்தில் பொருளைப் பகுத்துப் பார்த்தவர்களுக்கு, அதைச் செய்த முறை எளிதில் பிடிபடவில்லை.

ஹீத் செய்முறையை நாட்டுக் கொல்லரிடமிருந்து நேரடியாக அறிந்து எழுதினார். 1839இல் இலண்டன் அரச ஆசியக் கழக இதழில் அவருடைய குறிப்பு வெளிவந்தது. சிறிய மண் மூசையில் இரும்புத் துண்டுகளையும் உலர்ந்த ஆவாரங் குச்சிகளையும் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒன்றாக அடுக்கி, துருத்தியால் ஊதி உருக்கும் முறையை அது விளக்குகிறது. குச்சியிலும் இலையிலும் உள்ள கரி இரும்பில் ஏறி உருக்காகிறது. இங்கிலாந்தில் அண்மைக் காலத்தில் காப்புரிமை பெற்ற இரு கண்டுபிடிப்புகளின் தத்துவம் இந்தப் பழைய செய்முறையிலேயே அடங்கியிருப்பதை ஹீத் வியந்து குறிப்பிட்டார். அவர் நேர்மையாகப் பாராட்டினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே புதிதாகச் செய்தவருக்குக் காப்புரிமை கிடைத்தது. இங்கே வழிவழியாகச் செய்துவந்தவருக்குப் பாராட்டு மட்டும் கிடைத்தது.

பரங்கிப்பேட்டை ஆலை நிலைக்கவில்லை. மரக்கரித் தட்டுப்பாடும் பணநெருக்கடியும் அதைத் தொடர்ந்து வருத்தின. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அது மூடப்பட்டது. சேலத்துக் கொல்லரின் உலைகளும் இங்கிலாந்து இரும்பின் இறக்குமதியாலும், கரிக்கு மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்திய வனச் சட்டங்களாலும் அணைந்தன.

ஹீத்தும் அவருடைய முகவரும்

ஹீத் இங்கிலாந்து திரும்பியபின், ஷெபீல்டு நகரில் இதே கேள்வி அவரையே வந்தடைந்தது. வார்ப்பு உருக்கு செய்யும்போது மாங்கனீசும் கரியும் சேர்ந்த பொருளைச் சிறிதளவு மூசையில் இட்டால், மலிவான இரும்பிலிருந்தும் தரமான உருக்கு கிடைக்கும் என்று அவர் கண்டறிந்தார். இது சேலத்துச் செய்முறையிலிருந்து எடுத்ததன்று, அவருடைய சொந்த ஆய்வின் பயன். 1839இல் காப்புரிமை பெற்றார்.

ஷெபீல்டில் அவருக்கு முகவராக இருந்தவர் அன்வின். மாங்கனீசுச் சேர்மத்தை முன்கூட்டியே செய்து விற்பதற்குப் பதிலாக, மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியே மூசையில் போட்டால், உள்ளேயே அது உருவாகிவிடும், செலவும் குறையும் என்பது வேலையின்போது தெளிவானது. அன்வின் பிரிந்து சென்று இம்முறையைத் தம் தொழிலில் பயன்படுத்தினார். ஷெபீல்டின் பிற உற்பத்தியாளர்களும் அவ்வாறே செய்தனர். காப்புரிமை ஆவணத்தில் எழுதியிருந்தது ஆயத்தச் சேர்மத்தை இடுவது. மூசைக்குள் தானே உருவாவதும் அதில் அடங்குமா என்பதே வழக்கு. அது ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஹீத் 1851இல் வறுமையில் இறந்தார். 1855இல் பிரபுக்கள் அவை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அதே ஷெபீல்டைப் பற்றி வேறொரு பழங்கதை உண்டு. 1740களில் மூசை உருக்கு செய்த பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் காப்புரிமை எடுக்காமல், செய்முறையை இரகசியமாக வைத்திருந்தார். குளிர் இரவில் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து உலையருகே ஒதுங்கிய போட்டியாளர் ஒருவர் அதைப் பார்த்துச் சென்றுவிட்டார் என்பர். உண்மையோ புனைவோ, ஹண்ட்ஸ்மனை அறிவை ஒளித்த கஞ்சர் என்று அக்கதை பழிப்பதில்லை. வேடமிட்டு வந்தவரையே பழிக்கிறது. இரகசியம் வைத்தவர் ஆலை உரிமையாளராக இருந்தால் அது வணிகச் சொத்து. தொழிலாளியாக இருந்தால் அது ஒளிப்பு. இந்த இரட்டை அளவுகோல் அன்றே தொடங்கிவிட்டது.

தறியில் அறிவு யாருடையது?

புவனகிரி போன்ற நெசவு ஊர்களில் இக்கேள்வி இன்னும் நெருக்கமான வடிவம் எடுக்கிறது. கைத்தறித் தொழிலில் நூலும் வடிவமும் முதலாளி அல்லது கூட்டுறவுச் சங்கத்திடமிருந்து வரும். நெசவாளர் வீட்டுத் தறியில் நெய்து கொடுத்துச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுவார். அந்தக் கூலி நெய்த நீளத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் உரியது. பாவு பிணைப்பது, அறுந்த இழையைத் தடம் தெரியாமல் சேர்ப்பது, மழைக்காலத்து ஈரத்தில் இழையின் இழுவையைச் சரிசெய்வது ஆகியவற்றுக்குத் தனி விலை கிடையாது. தார் சுற்றும் பெண்களின் கைத்திறன் பெரும்பாலும் அந்த ஒரே கூலிக்குள் மறைந்துவிடுகிறது. கற்றுக்கொடுப்பதற்கு நேரம் செலவிட்டால் அன்றைய நெசவு குறையும், கூலியும் குறையும். வெளியாளுக்குக் கற்றுத்தராமை என்று தோன்றுவது பல வேளைகளில் இந்தக் கணக்கின் விளைவாகும்.

வடிவம் நெய்யும் அறிவு கருவிக்கு மாறியதும் இங்குக் குறிக்கத்தக்கது. முன்பு கரை, புட்டா ஆகியவற்றின் ஒழுங்கு, நூல்களைக் கட்டிவைக்கும் முறையிலும் நெசவாளரின் நினைவிலும் இருந்தது. ஜக்கார்டு பொறி வந்தபின் அது துளையிட்ட அட்டைகளுக்குப் போயிற்று. அட்டை யாருடைய பணத்தில் செய்யப்பட்டதோ, வடிவம் அவருடையதாயிற்று. பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மாரி ஜக்கார்டு இப்பொறியை 1800களின் தொடக்கத்தில் உருவாக்கியபோது, பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய நெசவாளர்கள் பொறிகளை எரித்தனர். அரசு 1806இல் அதைப் பொதுச் சொத்தாக அறிவித்தது. ஜக்கார்டுக்கு ஓய்வூதியமும், பொறி ஒன்றுக்கு இவ்வளவு என்ற பங்கும் கொடுத்தது. அறிவு எல்லோருக்கும் திறந்தது, கண்டுபிடித்தவரும் கைவிடப்படவில்லை. எரித்த நெசவாளரின் அச்சத்துக்கு மட்டும் அத்தகைய ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை.

மேலாளர் கேட்ட அறிவு

தொழிலாளியின் மௌனத்தை மேலாண்மைச் சிக்கலாக வெளிப்படையாகப் பேசியவர் அமெரிக்கரான பிரடெரிக் டெய்லர். 1911இல் வெளியான அறிவியல் மேலாண்மை பற்றிய நூலில், தொழில் பற்றிய மரபறிவு தொழிலாளரிடமே உள்ளது என்றும், மேலாளருக்கு அதில் சிறு பகுதியே தெரியும் என்றும் அவர் ஒப்புக்கொண்டார். அந்த அறிவைத் திரட்டி, விதிகளாக்கி, மேலாளர் கையில் வைப்பது அவர் திட்டம். தொழிலாளர் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதற்கு அவர் கூறிய காரணங்களில் ஒன்று முக்கியமானது. விரைவாகச் செய்யும் வழியைக் காட்டினால், முதலாளி துண்டுக்கூலி விகிதத்தைக் குறைத்துவிடுகிறார். இப்படி இரண்டு மூன்று முறை கூலி குறைந்ததைக் கண்ட தொழிலாளி, அடுத்த வழியைத் தன்னோடு வைத்துக்கொள்கிறார். மௌனத்துக்கு முதலாளியின் நடத்தையும் காரணம் என்பதை மேலாண்மையின் முன்னோடியே பதிவு செய்துள்ளார்.

சட்டம் வகுத்த எல்லைகள்

காப்புரிமை என்பது ஓர் ஒப்பந்தம். செய்முறையை முழுதாக வெளியிடுபவருக்குக் குறிப்பிட்ட காலம் தனியுரிமை தரப்படும். இந்தியாவில் முதல் காப்புரிமைச் சட்டம் 1856இல் வந்தது. 1742இன் சாயக்காரருக்கு அந்த வாசலே இல்லை. இருந்திருந்தாலும் புதியதற்கு மட்டுமே அது திறந்திருக்கும். வழிவழி அறிவுக்குக் காப்புரிமை கிடையாது என்பதே இன்றைய இந்தியச் சட்டத்தின் நிலை. அதனால் வெளியார் அதை உரிமை கொண்டாடுவதும் தடுக்கப்படுகிறது. மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் எதிர்ப்பால் 1997இல் நீக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம், காஞ்சிபுரம் பட்டு போன்ற பெயர்களை அவ்வூர்த் தொழிலாளர் சமூகத்துக்குக் காத்துத் தருகிறது. அது காப்பது பெயரை மட்டுமே, செய்முறையை அன்று.

வேலையை விட்டுச் செல்பவர் எதை எடுத்துச் செல்லலாம்? இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1916இல் ஹெர்பர்ட் மாரிஸ் வழக்கில் ஒரு கோடு கிழித்தது. வேலையில் வளர்ந்த பொதுத் திறமையும் அனுபவமும் ஊழியருடையவை. நிறுவனத்தின் குறிப்பான தொழில் இரகசியம் நிறுவனத்துடையது. இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவு, ஒருவர் தம் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. எனினும் 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில், டயர் நூல் தயாரிப்பில் வெளிநாட்டு நிறுவனம் தந்த நுட்பத்தைப் பயிற்சியாகப் பெற்று, ஐந்தாண்டு ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே போட்டி நிறுவனத்தில் சேர்ந்த மேற்பார்வையாளரை, மீதிக் காலத்துக்கு அங்கே அவ்வேலை செய்யாமல் தடுத்தது செல்லும் என்று முடிவாயிற்று. முடத்தென்னையைப் பற்றிய தீர்ப்பு என்று இதைச் சொல்லலாம். நீர் ஊற்றியவருக்கு ஒப்பந்தக் காலம் வரை காய் உண்டு. அதற்குப் பின் மரம் தன் விருப்பப்படி வளரலாம்.

மறைக்கக் கூடாத அறிவு

எல்லா மறைவையும் பிழைப்பு என்ற காரணத்தால் காக்க முடியாது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சு வாயு கசிந்தபோது, அந்த வாயு என்ன செய்யும், அதற்கு என்ன மருத்துவம் என்பது சுற்றிலும் வாழ்ந்தவர்களுக்கும் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. அதன் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழில் நடத்துபவர் ஆபத்துகளைத் தொழிலாளருக்கும், ஆய்வாளருக்கும், உள்ளாட்சிக்கும், சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 41ஆ பிரிவு கட்டாயமாக்கியது. ஆபத்து நேரப்போகிறது என்று அஞ்சினால் அதை எடுத்துச் சொல்லும் உரிமை தொழிலாளருக்கும் தரப்பட்டது. வேதியியல் ஆலைகள் நிறைந்த சிப்காட் தொழிற்பேட்டை உள்ள கடலூர் மாவட்டத்துக்கு இது தொலைவான செய்தி அன்று. ஒரு வால்வு கசிகிறது, ஒரு கொதிகலன் வழக்கத்துக்கு மாறாக ஒலிக்கிறது என்பது தெரிந்த ஊழியர், அடுத்த முறைப்பணிக்கு வருபவரிடம் சொல்லாமல் வீடு திரும்பினால், அங்கே மறைப்பது சக தொழிலாளியின் உயிரைப் பற்றிய செய்தி. அதற்கு நிறுவனம் நல்ல கூலி தருவதில்லை என்பது விடையாகாது. நிறுவனமே அத்தகைய செய்தியை மறைத்தால் அதற்கும் இரகசியம் என்ற பெயர் பொருந்தாது.

அற மதிப்பீடு

மேற்கண்ட நிகழ்வுகளை ஒன்றாக நோக்கினால், மறைத்தலை மதிப்பிட மூன்று கேள்விகள் உதவுகின்றன.

முதலாவது, சொல்லாவிட்டால் யாருக்குக் கேடு? உயிருக்கோ உடலுக்கோ கேடு வரும் என்றால் மற்ற கேள்விகளுக்கு இடமில்லை. சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது, அந்த அறிவு யாருடைய செலவில் வந்தது? நிறுவனம் பயிற்சி தந்து, ஊதியம் கொடுத்து வளர்த்த அறிவை, அதே நிறுவனத்தில் தன்னை மாற்ற முடியாதவராக்கிக்கொள்ள மறைப்பது மடற்பனையின் குணம். தலைமுறையாகக் குடும்பம் வளர்த்த அறிவைக் கூலிக்குச் சேர்ந்த இடத்தில் முழுதும் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்பது அதே அளவு நியாயமாகாது. கூலி வேலைக்குத் தரப்படுகிறது. வழிவழி அறிவுக்கு விலை பேசப்படுவதில்லை.

மூன்றாவது, சொன்னால் சொன்னவருக்கு என்ன மிஞ்சும்? பெயர், பங்கு, வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மிஞ்சுமானால் மறைக்க வேண்டிய தேவை குறைகிறது. ஒன்றும் மிஞ்சாது என்றால் மௌனமே அவருடைய ஒரே சொத்து.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சொல்லாமல் காத்த அறிவு பல வேளைகளில் காத்தவரோடு அழிந்துவிட்டது. சோழமண்டலச் சாயமுறையின் பல படிகளை இன்று ஆய்வாளர்கள் பொலியூ, கேர்தூ ஆகியோரின் எழுத்திலிருந்தே மீட்டறிகின்றனர். ஹீத்தின் குறிப்பு இல்லாமல் சேலத்து மூசை உருக்கைப் பற்றி நாம் அறிவது இன்னும் குறைவாக இருந்திருக்கும். ஆகவே வெளிப்படுத்தியதால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் அந்த நன்மை பின்வந்த உலகத்துக்குக் கிடைத்தது. இழப்பு, சொன்னவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட இயலாது.

வழிமுறை என்ற அளவில் வரலாறு காட்டுவது எளிது. அறிவு தங்கு தடையின்றி ஓட வேண்டுமானால், கற்றுக்கொடுக்கும் நேரத்துக்குக் கூலி வேண்டும். எழுதிவைக்கும் செய்முறையில் சொன்னவர் பெயர் வேண்டும். விரைவான வழியைக் காட்டியவரின் கூலி விகிதம் அதனால் குறையக் கூடாது. ஜக்கார்டுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் அரசு செய்ததை, தறியின் முன் அமர்ந்திருப்பவருக்கும் செய்ய முடியும். அவ்வாறு செய்த பின்னும் ஒருவர் அறிவைப் பூட்டி வைத்தால் அவரைக் குறை சொல்லலாம். அதுவரை, சொல்லாத ஊழியரைக் கேட்கும் கேள்வியை, சொல்லியவருக்கு என்ன செய்தோம் என்று கேட்பவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.